குற்ற உணர்வோடும் வெட்கத்தோடும் தேவனிடம் வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எபிரெயர் 4:16 நம் சபைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் மனப்பாடம்: "ஆதலால், நாம் இரக்கத்தைப் பெறவும், ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபையை அடையவும், தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்." இந்த வசனத்தைச் சிறுவயதிலேயே ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்தவர்கள்கூட, முழங்கால் போட்டதும் வாய் அடைத்துப்போய் எழுந்துவிடுகிறார்கள். பழைய சங்கதி ஒன்று, அல்லது நேற்று ராத்திரி செய்த ஒன்று, தொண்டையில் வந்து நிற்கிறது. அப்படித் தவிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வசனங்களை நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தந்திருக்கிறேன்.

தப்பு செய்த கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஜெபிப்பது? கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்துவிட்டு அப்புறம் வரலாமே?

அந்தக் "கொஞ்ச நாள்" எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நாளா, ஒரு வாரமா, அடுத்த லெந்து காலம் வரையா? அளவே இல்லாததால் அது நீண்டுகொண்டே போகும். மளிகைக் கடையில் பாக்கி வைத்தவர் அந்தத் தெருப் பக்கமே வராமல் சுற்றிப் போவார். பாக்கி குறையாது, நடைதான் கூடும். ஜெபத்தைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான் ஆகிறது. முதலில் தனி ஜெபம் நின்றுபோகும். அப்புறம் வேத வாசிப்பு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே கிளம்பிவிடுவது. கடைசியில் அதுவும் இல்லாமல் போகும்.

வசனம் எதற்காக வரச் சொல்கிறது என்று பாருங்கள். "இரக்கத்தைப் பெற". குற்றமே இல்லாதவனுக்கு இரக்கம் எதற்கு? இதற்கு முந்தைய வசனங்களைச் சேர்த்து வாசிக்கிறவர்கள் குறைவு. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 13ஆம் வசனம் "சகலமும் அவருடைய கண்களுக்குமுன்பாக நிர்வாணமாயும் வெளியரங்கமாயுமிருக்கிறது" என்கிறது. இதைச் சொல்லி மூன்றே வசனத்துக்குள் "தைரியமாய் வாருங்கள்" என்கிறது. அவர் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் கூப்பிடுகிறார். நீங்கள் தயங்கித் தயங்கிச் சொல்லப்போவது அவருக்குப் புதுச் செய்தி இல்லை.

லூக்கா 15இல், சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வரும் இளைய மகன் குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்ததாக எழுதியிருக்கிறதா? பன்றி மேய்த்தவன் அப்படியே கிளம்பி வந்தான். வருவதற்கு முன் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டான், அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." தகப்பன் முன்னால் நின்று பேசும்போது அந்த வரி வரவே இல்லை. அதைச் சொல்வதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கூலியாளாகக் கொஞ்ச காலம் இருந்து நிரூபிக்கிறேன் என்ற திட்டத்துக்கு அந்த வீட்டில் இடமே கிடைக்கவில்லை.

சரி, வரலாம். ஆனால் தைரியமாக என்று ஏன் சொல்கிறது? அது திமிராகத் தெரியாதா?

எபிரெயருக்கு எழுதப்பட்ட அந்த நிருபத்தை முதலில் வாசித்தவர்களுக்கு லேவியராகமம் 16 நன்றாகத் தெரியும். கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஒரே ஒருவர் போகலாம். அதுவும் வருஷத்தில் ஒரே நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி. அன்றைக்குப் பிரதான ஆசாரியனாகிய ஆரோன் தன் மகிமையான உடைகளைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடையைப் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் தன் சொந்தப் பாவத்துக்காக ஒரு காளை. உள்ளே போகும்போது தூபப் புகை, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தை மூட வேண்டும், இல்லாவிட்டால் சாவான். பிறகு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று பலியாகும், இன்னொன்றின் தலையில் ஜனங்களின் பாவங்களை எல்லாம் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவார்கள். (பிரதான ஆசாரியன் உள்ளே செத்துவிட்டால் இழுப்பதற்காகக் காலில் கயிறு கட்டினார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். வேதத்தில் அப்படி இல்லை. இருக்கிறதே போதுமான அளவு நடுக்கம் தருகிறது.)

இந்தப் பின்னணியில், யாரோ சாதாரண சபை மக்களைப் பார்த்து "உள்ளே வாருங்கள், தைரியமாக வாருங்கள்" என்றால் அவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று எபிரெயர் 10:19 சொல்கிறது: இயேசுவின் இரத்தத்தினாலே. என் மனநிலையினாலே இல்லை, இந்த வாரம் நான் நடந்துகொண்ட விதத்தினாலே இல்லை. அவர் சிலுவையில் உயிர்விட்டபோது, அந்த ஸ்தலத்தை மறைத்திருந்த தேவாலயத் திரைச்சீலை "மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும்" கிழிந்தது என்று மாற்குவும் மத்தேயுவும் எழுதுகிறார்கள். கீழே நிற்கிற மனுஷன் கிழித்திருந்தால் கீழிருந்துதான் கிழிந்திருக்கும்.

அதனால் இது திமிர் இல்லை. திறந்து வைத்த வாசலில் நின்றுகொண்டு "நான் தகுதியில்லை, வரமாட்டேன்" என்று வருஷக்கணக்காக அடம்பிடிப்பதுதான், பார்க்கத் தாழ்மைபோல இருந்தாலும், திறந்தவரின் வார்த்தையைத் தள்ளிவிடுவது. அதே நிருபம் 12ஆம் அதிகாரத்தில் பயத்தோடும் பக்தியோடும் ஆராதிக்கவும் சொல்கிறது. பயமும் தைரியமும் ஒரே மனுஷனுக்குள் சேர்ந்து இருக்கலாம்.

எனக்குக் கை கால் நடுங்குகிறது. தைரியம் வரும்வரை காத்திருக்கவா?

வேண்டாம். மாற்கு 5இல் 12 வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்துக்குள் பின்னாக வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் திரும்பிப் பார்த்தபோது "பயந்து, நடுங்கி" வந்து விழுந்து, உண்மையெல்லாம் சொன்னாள். அவர் அவளை அழைத்த பெயர் "மகளே". அவள் நடுக்கம் நின்ற பிறகு அப்படி அழைக்கவில்லை.

வெட்கமும் குற்ற உணர்வும் ஒன்றுதானே?

பல நேரம் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும், ஆனால் வேறு வேறு. "நான் இதைச் செய்தேன்" என்பது குற்ற உணர்வு. அதற்கு ஒரு பெயர், ஒரு தேதி, பாதிக்கப்பட்ட ஓர் ஆள் இருப்பார். "நானே இப்படித்தான், என்னைப் பார்த்தால் எல்லோரும் அருவருப்பார்கள்" என்பது வெட்கம். குற்றத்தை அறிக்கையிடலாம். வெட்கத்தை அறிக்கையிட முடியாது. எதை என்று சொல்வீர்கள்?

நம் ஊரில் இது இன்னும் சிக்கலாகிறது, ஏனென்றால் இங்கே வெட்கம் குடும்பத்தோடு சேர்ந்தது. மகள் வீட்டை விட்டுப்போய்த் திருமணம் செய்துகொண்டாள், மகன்மேல் போலீஸ் கேஸ், கணவர் குடிக்கிறார், கடன்காரன் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனான். அந்த வாரத்தோடு அம்மா சபைக்கு வருவதை நிறுத்திவிடுவார். அவர் ஒரு பாவமும் செய்யவில்லை. அவர் பயப்படுவது தேவனுக்கு இல்லை, ஆராதனை முடிந்து வாசலில் நின்று "என்னக்கா, ஆளையே காணோம்?" என்று ஆரம்பிக்கிறவர்களுக்குத்தான். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது அந்த இரண்டும் குழம்பிப்போய், தேவனே முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் தோன்ற ஆரம்பிக்கிறது.

அப்படிப்பட்ட அம்மாக்களுக்கு நான் காட்டுவது மத்தேயு முதல் அதிகாரம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப்போகிற இடம். அதில் தாமார் இருக்கிறாள், ராகாப் இருக்கிறாள், ரூத் இருக்கிறாள், உரியாவின் மனைவி இருக்கிறாள். எந்தக் குடும்பத்திலும் உறவுக்காரர்கள் தாழ்ந்த குரலில் பேசுகிற கதைகள் அவை. சுவிசேஷம் அவற்றை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது, இயேசுவின் வம்ச வரலாறாக.

"பாவிகளுக்குத் தேவன் செவிகொடுக்கிறதில்லை" என்று வேதத்திலேயே இருக்கிறதே?

அது யோவான் 9:31. பார்வை பெற்ற மனுஷன், தன்னைக் குடைந்த பரிசேயரிடம் இயேசுவுக்காக வாதாடும்போது சொன்னது. மனந்திரும்பி வருகிறவனைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. இன்னொன்று சங்கீதம் 66:18: "என் இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தேனானால், ஆண்டவர் எனக்குச் செவிகொடார்." அக்கிரமத்தை விட மனமில்லாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, மேலுக்கு ஜெபிக்கிறவனைப் பற்றியது அது. "இதை என்னிடமிருந்து எடுத்துவிடும்" என்று வருகிறவனை அது விரட்டாது. விரட்டுமானால், இயேசு சொன்ன ஆயக்காரனின் (வரி வசூலிக்கிறவனின்) கதைக்கு இடமே இருந்திருக்காது. கண்ணை ஏறெடுக்கத் துணியாமல் தூரத்தில் நின்று "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றான். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான் என்கிறார் இயேசு.

உள்ளே குத்துகிற குரல் பரிசுத்த ஆவியானவரா, சாத்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குச் சகரியா 3ஐ நிதானமாக வாசிப்பதுதான் நல்லது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் இடிந்த ஆலயத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கிய நாட்கள், கி.மு. 520ஐ ஒட்டிய காலம். பிரதான ஆசாரியனாகிய யோசுவா தூதனுக்கு முன்பாக நிற்கிறான். வலதுபக்கத்தில் சாத்தான், குற்றஞ்சாட்டுவதற்காக. யோசுவாவின் உடை அழுக்கு.

அழுக்கு உண்மைதான். சாத்தான் இல்லாததைச் சொல்லத் தேவையே இல்லை. துணியைச் சுட்டிக்காட்டினால் போதும். கர்த்தரும் "அழுக்கு இல்லை" என்று சொல்லவில்லை, "பரவாயில்லை, லேசான கறைதான்" என்றும் சொல்லவில்லை. குற்றஞ்சாட்டுகிறவனைக் கடிந்துகொள்கிறார். "இவன் அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி அல்லவா" என்கிறார். பிறகு அருகில் நிற்கிறவர்களுக்கு ஒரு கட்டளை: இவன்மேல் இருக்கிற அழுக்கு வஸ்திரங்களைக் களைந்துபோடுங்கள். சிறந்த வஸ்திரம் வருகிறது, சுத்தமான பாகை தலையில் வைக்கப்படுகிறது. அந்த அதிகாரம் முழுவதும் யோசுவா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தற்காப்பு இல்லை, வாக்குறுதி இல்லை. உடையைக் கழற்ற விட்டான், அவ்வளவுதான்.

அதனால் "இந்தக் குற்றச்சாட்டு உண்மையா?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டு குரலும் உண்மையைச் சொல்லலாம். அது உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். ஆவியானவர் செய்ததைச் செய்ததாகவே, பெயர் சொல்லிக் காட்டுவார். காட்டிவிட்டுத் தேவனிடம் போகச் சொல்வார். மற்றது மொத்தமாகச் சாயம் பூசும், "உனக்கு இனி அங்கே என்ன வேலை?" என்று கேட்கும். 2 கொரிந்தியர் 7:10 இதையே தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று பிரித்து, இரண்டாவது மரணத்தை உண்டாக்குகிறது என்று முடிக்கிறது.

இயேசு பிடிபட்ட அந்த ஒரே இரவின் கதையில் இரண்டு பேர் இப்படித் துக்கப்பட்டார்கள். யூதாசின் மனஸ்தாபம் போலி இல்லை. முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டே சொன்னான். ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் சொன்னது: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." பேதுரு என்ன செய்தான்? மூன்று முறை மறுதலித்தவன், இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, கரையில் நிற்கிறவர் கர்த்தர் என்று கேட்டதும் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தான். படகு கரை சேர இருநூறு முழம்தான் பாக்கி, அதுவரைகூடப் பொறுக்கவில்லை. சில வருஷம் முன்பு இதேபோல் வலை நிறைய மீன் விழுந்தபோது இவன்தான் "நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்றவன். கரையில் கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் மறுதலித்தபோது குளிர்காய்ந்ததும் கரிநெருப்புப் பக்கத்தில்தான். யோவான் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறார். அவன் மறுதலித்ததைப் பற்றி இயேசு நேராக ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு கொடுத்துவிட்டு, "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டார்.

அறிக்கையிட்டு முடித்துவிட்டேன். ஆனாலும் மன்னிக்கப்பட்டதுபோல் தோன்றவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

1 யோவான் 1:9 மன்னிப்பை உங்கள் உணர்வின்மேல் வைக்கவில்லை. "அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று அவர்மேல் வைக்கிறது. அதே நிருபம் 3:20இல் இன்னும் தெளிவு: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர். உங்கள் மனம் கீழ்க்கோர்ட்டு தீர்ப்பைக் கொடுக்கட்டும். கடைசித் தீர்ப்பு அங்கே இல்லை.

சிலருக்கு இது இதோடு நிற்காது. ஒரே பாவத்தை நாளுக்கு இருபது முப்பது தடவை அறிக்கையிடுவார்கள். "சரியாகச் சொன்னேனா, முழு மனதோடு சொன்னேனா" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ஜெபத்தின் நடுவே தூஷணமான எண்ணம் வந்துவிட்டதே என்று நடுங்குவார்கள். இது புதிது இல்லை. 1505இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து, வெளியே வந்ததும் இன்னொன்று ஞாபகம் வந்து திரும்ப ஓடியவர். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மொன்செராத்தில் மூன்று நாள் எழுதி எழுதி அறிக்கையிட்டார். அதன்பின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, எதையோ விட்டுவிட்டோம் என்ற வாதையில் உயிரை விடலாமா என்கிற அளவுக்குப் போனார். "மிகத் தெளிவாக இருந்தால் தவிரப் பழைய பாவங்களைச் சொல்லாதே" என்று ஆன்மகுரு கட்டளையிட்டும் ஆறவில்லை, ஏனென்றால் அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன.

இன்று இப்படிப்பட்ட ஓயாத சுழற்சியை மருத்துவர்கள் எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாகப் பார்க்கிறார்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருக்கிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் இன்றைக்கே, இப்போதே, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள்.

என்னை நானே மன்னிக்க முடியவில்லையே?

அப்படி மன்னிக்கச் சொல்லி வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். பவுல் சபையைத் துன்பப்படுத்தியதைக் கடைசிவரை மறக்கவில்லை; தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் சொல்கிறார். ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் துணிகள் அவருடைய காலடியில்தான் கிடந்தன. ஞாபகம் இருந்தது, வேலையும் நடந்தது.

அதே பாவத்தில் மறுபடி மறுபடி விழுகிறேன். இத்தனையாவது தடவை எப்படிப் போய் நிற்பது?

ஒரே நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்பட்டாலும் உன் சகோதரனுக்கு மன்னி என்று லூக்கா 17:4இல் நமக்குச் சொன்னவர், தாமே அதைவிடக் குறைவாக மன்னிப்பாரா?

ஆனால் இதோடு விட்டுவிட்டால் உங்களுக்கு நல்லது செய்ததாகாது. நீதிமொழிகள் 28:13 "அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" என்கிறது. விடுவதற்கு வழி தேட வேண்டும். ராத்திரி தனியாகப் போனைப் பார்ப்பதில் விழுகிறீர்களா, போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். சம்பள நாளில் டாஸ்மாக் பக்கம் கால் போகிறதா, அன்றைக்கு மனைவியையோ அண்ணனையோ பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்கள். குடி முற்றிப்போயிருந்தால் திடீரென்று நிறுத்துவது உடம்புக்கே ஆபத்து. மருத்துவரோடு சேர்ந்து நிறுத்த வேண்டும். இதெல்லாம் ஜெபத்துக்கு மாற்று இல்லை. "ஏற்ற சமயத்தில் சகாயம்" என்று வசனம் சொல்வது விழுந்த பிறகான மன்னிப்பை மட்டும் இல்லை, விழப்போகும்போது பிடித்துக்கொள்வதையும் சேர்த்துத்தான். விழுவதற்கு முன்பே, ஆசை தலைக்கேறும் அந்த நிமிஷத்திலேயே கூப்பிடலாம். பலர் அந்த நிமிஷத்தில்தான் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், திருவிருந்து எடுத்தால் ஆக்கினை வரும் என்கிறார்களே. அதனால் நான் எழுந்து போவதில்லை.

நம் சபைகளில் இந்த ஒரு பயம் எத்தனையோ பேரை வருஷக்கணக்காக மேசைக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1 கொரிந்தியர் 11இல் பவுல் யாரைக் கண்டிக்கிறார்? கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முன்னதாகவே கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வேலை முடிந்து வருகிற ஏழைகளுக்கு ஒன்றும் இருக்காது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அபாத்திரமாய் என்று அவர் சொன்னது இந்த நடத்தையைத்தான். மற்றவனை வெட்கப்படுத்தியவர்களுக்குச் சொன்ன கண்டிப்பை எடுத்து, வெட்கத்தில் நொறுங்கிக் கிடக்கிறவர்களின்மேல் போட்டிருக்கிறோம்.

தமிழ்ச் சபைகளுக்கு அந்தக் கண்டிப்பு உண்மையிலேயே பொருந்திய நேரம் உண்டு. சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்து, தனித்தனியே திருவிருந்து எடுத்த சபைகள் இங்கே இருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிப் பாகுபாட்டை உடனடியாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அப்போது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பக்கத்து மனுஷனோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மறுத்தவர்கள் யாரும் தங்களை அபாத்திரர் என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

28ஆம் வசனம் சோதித்தறிந்துவிட்டு ஒதுங்கிப் போகச் சொல்லவில்லை: "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." ஆங்கிலிக்கன் வழியில் வந்த ஆராதனை முறையில், மேசைக்குப் போகும் முன் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஒரு ஜெபம் உண்டு. மேசையின்கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்லிவிட்டு, எழுந்து மேசைக்குப் போவார்கள். கத்தோலிக்கச் சபையில் சாவான பாவம் இருந்தால் நற்கருணைக்கு முன் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெற வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கிறது. அதுவும் திரும்பி வருவதற்கான வாசல்தான்.

ஒன்று மட்டும். யாரோடாவது பகை இருந்து, அதைச் சரி செய்யவே மாட்டேன் என்று முடிவு செய்திருந்தால், முதலில் அவரிடம் போங்கள். மத்தேயு 5:24 அதைத்தான் சொல்கிறது.

மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

மாற்கு 3இல் எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், இயேசு பிசாசைத் துரத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிசாசுகளின் தலைவனாலே செய்கிறார் என்றார்கள். பரிசுத்த ஆவியின் வேலையைத் தெரிந்தே பிசாசின் வேலை என்று பேர் வைத்துத் தள்ளுவது அது. அவர்களில் ஒருவரும் "நான் இப்படிச் சொல்லிவிட்டேனே" என்று கலங்கவில்லை. நீங்கள் கலங்குகிறீர்கள்.

'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியன் இந்தப் பயத்தில் வருஷக்கணக்காக வெந்தவர். "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று உள்ளே ஓயாமல் ஒரு குரல். கடைசியில் களைத்துப்போய், போனால் போகட்டும் என்று மனசுக்குள் நினைத்துவிட்டார். அதன்பின், சேஷ்டபுத்திரபாகத்தை (மூத்த மகனுக்குரிய உரிமையை) விற்று, கண்ணீரோடு தேடியும் பெறாத ஏசாவைப் பற்றிய எபிரெயர் 12:17 அவரை இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் துரத்தியது. ஒரு நாள் வயல்வெளியில் நடந்துபோகும்போது, தன் நீதி தனக்குள் இல்லை, பரலோகத்தில் கிறிஸ்துவாக இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. கால்களிலிருந்து சங்கிலி கழன்றது என்று அவரே எழுதியிருக்கிறார். அதை எழுதியபோது பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார்.

மனுஷரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. வாய்விட்டுச் சொல்லும்போது பாதி வெட்கம் அங்கேயே உடைகிறது. ஆனால் யாரிடம் என்பதில் கவனமாக இருங்கள். அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் சொன்னவர், உங்கள் ரகசியத்தையும் இன்னொருவரிடம் சொல்வார். "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் வம்பு பரவுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கத்தோலிக்கக் குருவானவர் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது. மற்ற சபைகளில் அப்படிப்பட்ட சட்டம் எல்லா இடத்திலும் இல்லாததால், சொல்வதற்கு முன் "இது உங்களோடு இருக்குமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மேடையில் ஏறிச் சாட்சி சொல்ல அவசரப்பட வேண்டாம். சாட்சியில் உங்கள் மனைவி மக்களும் வந்துவிடுவார்கள்.

மன்னிப்புக் கேட்டால் போதுமா? எடுத்த பணம்?

திருப்பிக் கொடுங்கள். லேவியராகமம் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. சகேயு நாலத்தனையாகக் கொடுத்தான். கவனியுங்கள், இயேசு அவன் வீட்டில் தங்க வந்த பிறகுதான் சகேயு கணக்குப் பேசினான். கொடுத்து முடித்துவிட்டு அவரை அழைக்கவில்லை.

நான் எதுவும் செய்யவில்லை. சின்ன வயதில் எனக்குச் செய்யப்பட்டது. ஆனால் ஜெபிக்கும்போது நான்தான் அழுக்காக உணர்கிறேன்.

அது உங்கள் பாவம் இல்லை. அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. இதுவரை கேட்டிருந்தால் இனி நிறுத்திவிடுங்கள்.

2 சாமுவேல் 13இல் தாவீதின் மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமாரைக் கெடுத்தான். "நான் என் வெட்கத்தோடே எங்கே போவேன்?" என்று அவள் முன்கூட்டியே கதறினாள். அண்ணன் அப்சலோம் அவளிடம் சொன்னது "நீ மவுனமாயிரு". தகப்பன் தாவீதுக்குக் கோபம் வந்தது, ஒன்றும் செய்யவில்லை. இன்றும் பல வீடுகளில் இதே வரிசையில்தான் நடக்கிறது. வேதம் மட்டும் அவளை மவுனமாக்கவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எழுதி, குற்றத்தை அவன்மேல் வைத்திருக்கிறது. இயேசுவும் நகர வாசலுக்கு வெளியே, எல்லோர் கண்ணும் பார்க்க, துணி பறிக்கப்பட்டுத் தொங்கினவர். அடுத்தவர் சுமத்தும் அவமானம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சபைத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுவர்மேல் நடந்த குற்றம் தெரிந்தால் போலீசில் சொல்வதை 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. கமிட்டியில் பேசி முடிக்கும் விஷயமே இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையை "மன்னித்துவிடு" என்று அவசரப்படுத்துவது இரண்டாவது கொடுமை. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு 1098.

எனக்கு வந்த நோய், குழந்தை இல்லாதது, இதெல்லாம் அந்தப் பாவத்துக்கு வந்த தண்டனையா?

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதைத்தான் கேட்டார்கள். யார் பாவமும் இல்லை என்றார் இயேசு. உங்கள் வீட்டுக்கு வந்து இதைக் காரணமாகச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும்.

பிள்ளைகள் இந்தப் பயத்தோடு வளராமல் இருக்க என்ன செய்யலாம்?

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்பதைக் கிறிஸ்தவ வீடுகளில் "இயேசப்பா அடிப்பார்" என்று மாற்றி வைத்திருக்கிறோம். அதை விட்டுவிடுங்கள். ஐந்து வயதில் கேட்டது ஐம்பது வயதிலும் முழங்கால் போடும்போது காதில் விழுகிறது.

பிள்ளை தானாக வந்து "நான்தான் உடைச்சேன்" என்று சொன்னால், முதலில் சொன்னதற்காகக் கட்டிப்பிடியுங்கள். அப்புறம் துடைப்பத்தைக் கொடுத்து, சேர்ந்து பெருக்குங்கள். ராத்திரி ஜெபத்தில் அதை ஒரு வரியில் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பழக்குங்கள். மறுநாள் அதே பாவத்தைத் திரும்ப ஜெபத்தில் எடுக்காதீர்கள். சாயங்காலம் அத்தையோ பெரியப்பாவோ வீட்டுக்கு வரும்போது, பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு "இவன் நேத்து என்ன பண்ணான் தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள்.